பாலும் கூலியும்

1939ஆம் ஆண்டு சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர் உரையாற்றினார். உரைக்கு அவர் வைத்த தலைப்பு 'பாலும் கொலையும்'. ஜமைக்காவில் பிறந்து ஆக்ஸ்ஃபோர்டில் படித்த அவர், பிரிட்டிஷ் காலனி மருத்துவப் பணியில் சேர்ந்து ஆப்பிரிக்காவின் கோல்ட் கோஸ்டில் ஏழாண்டு வேலை பார்த்துவிட்டு 1936இல் மலாயாவுக்கு மாற்றப்பட்டவர். புரதக் குறைபாட்டால் வரும் குவாஷியார்கர் நோயை 1933இலேயே மருத்துவ உலகுக்கு விவரித்தவரும் அவர்தான். சிங்கப்பூரின் நெரிசலான குடியிருப்புகளில் தாதி உடையணிந்த விற்பனைப் பெண்கள் வீடு வீடாகப் போய், பிள்ளை பெற்றவளிடம் இனிப்புச் சேர்த்த டின்பாலைப் புகழ்ந்து விற்றதை அவர் கண்டார். அந்தப் பாலில் வைட்டமின் ஏ, டி இரண்டும் போதாது. சர்க்கரை மிகுதி. காசு குறைந்தவள் அதையும் மேலும் மேலும் தண்ணீர் கலந்து நீர்க்க வைத்துக் கொடுத்தாள், தண்ணீரோ சுத்தமில்லை. தவறான குழந்தை உணவுப் பிரச்சாரத்தால் வரும் சாவுகளைக் கொலையாகவே கணக்கில் எடுக்க வேண்டும் என்று வில்லியம்ஸ் அந்தக் கூட்டத்தில் சொன்னார். சங்கத்தின் தலைமையில் இருந்தவர் நெஸ்லே நிறுவனத்தின் உயர் அதிகாரி என்று இந்த வரலாற்றை எழுதிய பலரும் குறிப்பிடுகிறார்கள்.

தாய்ப்பாலைப் பற்றிய பொதுச் சுகாதார வரலாறுகளில் இந்த உரைக்கு நிலையான இடம் உண்டு. அதிலிருந்து இரண்டு பாடங்களை எடுத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. நிறுவனம் பொய் சொன்னது, தாய் அறியாமையால் ஏமாந்தாள். எனவே நிறுவனத்தை அடக்க ஒரு சட்டமும், தாய்க்கு அறிவு புகட்ட ஒரு பிரச்சாரமும் போதும் என்பது இதிலிருந்து கிளைத்த கொள்கை. முதல் பாடத்தில் எனக்கு மறுப்பில்லை. இரண்டாவதில்தான் கோளாறு இருக்கிறது. தாதி உடையில் வந்தவள் சொன்னதைக் கேட்கும் நிலையில் அந்தத் தாய் ஏன் இருந்தாள் என்று கேட்டால் அறியாமை பாதிப் பதில்தான். மீதிப் பாதி அவளுடைய வேலை நேரத்தில் இருக்கிறது. பால் கொடுப்பது ஒரு நாளில் பல மணி நேரத்தை எடுத்துக்கொள்ளும் உழைப்பு. அந்த மணி நேரங்கள் யாருக்குச் சொந்தம், அவற்றுக்கான கூலியை யார் தருவது என்பதைப் பொதுச் சுகாதாரம் ஏறத்தாழ எல்லாக் காலத்திலும் தள்ளிப்போட்டே வந்திருக்கிறது. பெண்ணியர்கள் இந்த விவாதத்துக்குள் கொண்டுவந்த பெரிய விஷயம் இந்தக் கேள்விதான். அதுவும் புதிதாக வந்த கேள்வி இல்லை. உழைக்கும் பெண்கள் நூறாண்டுகளுக்கு முன்பே எழுப்பியது.

வில்லியம்ஸ் பேசிய அதே நாட்டிலேயே இதற்குச் சான்று கிடைக்கிறது. மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் தமிழகத்திலிருந்து கங்காணிகள் மூலம் போனவர்கள். பெண்களும் பால்மரம் வெட்டினார்கள். பகல் ஏற ஏற மரத்தில் பால் வடிவது குறைந்துவிடும். அதனால் விடியுமுன் பெரட்டு எனும் ஆள்கணக்கெடுப்புக்கு நின்று, இருட்டோடு இருட்டாக மரத்துக்கு மரம் ஓடி வெட்ட வேண்டும். பிறகு மங்கு எனும் கிண்ணங்களில் ஊறியதை வாளியில் சேர்த்து எடுத்துப்போய் ஸ்டோரில் நிறுத்துக் கொடுக்க வேண்டும். வீடு திரும்ப நடுப்பகல் ஆகிவிடும். கைக்குழந்தைக்கு இந்த இடைவெளி ஏழெட்டு மணி நேரம். 1920களின் இறுதியில் அரசு நிர்ணயித்த நிலையான கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. பிள்ளைக்குப் பால் கொடுக்க ஒருத்தி வீட்டுக்கு வந்தால் அந்த 40 காசிலும் ஒரு பங்கு போய்விடும். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் பேறுகால உதவித்தொகையையும் குழந்தைக் காப்பகத்தையும் தோட்டங்கள் மேல் சுமத்தியது. அப்படி வந்ததுதான் ஆயாக்கொட்டகை. வெட்டுவதற்கு வயதாகிப்போன ஒரு கிழவி, தொங்கும் ஏணைகள், பாத்திரத்தில் கரைத்து வைத்த டின்பால். நிர்வாகத்தின் அக்கறை தாய் சீக்கிரம் மரத்துக்குத் திரும்ப வேண்டும் என்பதில் இருந்தது. டின்பால் அந்த அக்கறைக்கு ஒத்துப்போனது. அங்கே எந்த விற்பனைப் பெண்ணும் வந்து மயக்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

பம்பாய்ப் பஞ்சாலைகளில் இதே நெருக்கடி இன்னும் கொடிய வழியில் தீர்க்கப்பட்டது. ஆலைக்குப் போகும் தாய், பிள்ளை நாள் முழுதும் அழாமல் உறங்க அபின் உருண்டை கொடுத்துவிட்டுப் போனாள். 1920களில் பம்பாய்த் தொழிலாளர் வாழ்வை ஆராய்ந்தவர்கள் இந்தப் பழக்கம் எவ்வளவு பரவலாக இருந்தது என்பதை எழுதி வைத்திருக்கிறார்கள். அபின் பிள்ளைக்கு நல்லதென்று அவர்கள் நம்பினார்கள் என்று சொல்லிவிட்டால் விஷயம் எளிதாக முடிந்துவிடும். ஆனால் பத்து மணி நேரம் தறியருகே நிற்கிற ஒருத்திக்கு வேறு எந்த வழி திறந்திருந்தது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். இலங்கை மலையகத்தில் பெண்கள் கொழுந்து பறிக்கப் போனபோது பிள்ளைகளை விட்டுப்போன இடம் பிள்ளைக்காம்பரா. அங்கே தாய் இடையில் வந்து பால் கொடுக்கலாம், மலைச்சரிவில் அன்றைக்கு அவள் நிற்கும் இடம் பக்கத்தில் இருந்தால். வில்லியம்ஸ் சிங்கப்பூரில் பேசிய அதே 1939இல்தான் இலங்கையில் பேறுகால நலன் சட்டம் வந்தது. மருத்துவ வரலாறு முன்னதை நினைவில் வைத்துக்கொண்டது. பின்னதைத் தொழிலாளர் வரலாற்றுக்காரர்களிடம் விட்டுவிட்டது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கிற பழக்கம் இன்னும் நமக்கு வரவில்லை.

தாயைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் பழக்கம் காலனிகளில் பிறந்ததும் இல்லை. ஐரோப்பாவில் அதற்கு நீண்ட பரம்பரை இருக்கிறது. 1752இல் இயற்கையியலாளர் லின்னேயஸ், குழந்தையைச் செவிலித்தாயிடம் கொடுக்கும் தாய்மாரைச் சாடி ஒரு நூல் வெளியிட்டார். விலங்கினங்களை வகைப்படுத்தும்போது பாலூட்டி என்ற பெயரை 1758இல் நிலைநிறுத்தியவரும் அவரே. 1762இல் ரூசோ, தாய்மார் தம் பிள்ளைகளுக்குத் தாமே பால் கொடுக்கத் தொடங்கினால் நாட்டின் ஒழுக்கமே சீராகிவிடும் என்ற அளவுக்குப் போனார். தம் ஐந்து பிள்ளைகளையும் அநாதை விடுதியில் சேர்த்தவர் அவர் என்பது வேறு கதை. 1780இல் பாரிஸ் காவல் தலைவர் லெனுவார் தந்த கணக்குப்படி, ஆண்டுதோறும் அந்நகரில் பிறந்த 21,000 குழந்தைகளில் தாயிடமே பால் குடித்தவை ஏறத்தாழ ஆயிரம். இன்னொரு ஆயிரத்துக்கு வீட்டோடு செவிலி இருந்தாள். மற்றவை நகருக்கு வெளியே அனுப்பப்பட்டன. அறிஞர்கள் சாடியது மாளிகைப் பெண்ணின் சோம்பலை. ஆனால் ஆயிரக்கணக்கில் பிள்ளைகளை வெளியே அனுப்பியவர்கள் கடைக்காரன் மனைவியும் தையல்காரியும் பட்டுத் தறியில் உட்கார்ந்தவளும்தான். கணவனோடு சேர்ந்து அவளும் உழைக்காவிட்டால் வாடகை கொடுக்க முடியாது. செவிலிக்குக் கொடுக்கும் பணம் அவள் ஈட்டும் கூலியை விடக் குறைவு. பால் விற்ற நாட்டுப்புறச் செவிலியின் சொந்தப் பிள்ளைக்கு என்ன கிடைத்தது என்று அந்த நூல்களில் யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட் 1792இல் பெண்ணுரிமையை வாதாடி எழுதியபோதுகூடத் தாயே பால் கொடுப்பதைத்தான் ஆதரித்தார். பெண்ணியத்துக்கும் தாய்ப்பாலுக்கும் பிறவிப் பகை என்று சொல்கிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டனில் இந்த விவாதம் அரசின் கைக்கு வந்தது. போயர் போருக்கு ஆள் சேர்க்கும்போது பலர் உடல் தகுதியின்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். பேரரசுக்கு வலுவான சிப்பாய்கள் வேண்டுமானால் சிசு மரணத்தைக் குறைக்க வேண்டும் என்ற பதற்றம் கிளம்பியது. அதற்கு மருந்தாகத் தாய்மார் பள்ளிகளும் வீட்டுக்கு வந்து அறிவுரை சொல்லும் சுகாதாரப் பார்வையாளர்களும் வந்தார்கள். வரலாற்றாசிரியர் அன்னா டேவின் 1978இல் எழுதிய கட்டுரை ஒன்றில், வறுமையின் விளைவுகள் எப்படித் தாயின் அறியாமையாகப் பெயர் மாற்றப்பட்டன என்பதை விரிவாகக் காட்டினார். அன்றே இதற்குப் பதில் சொன்ன பெண்களும் இருந்தார்கள். ஃபேபியன் பெண்கள் குழுவினர் லண்டன் லாம்பெத் பகுதியில் வாரத்துக்கு ஒரு பவுண்டு சொச்சத்தில் குடும்பம் நடத்தியவர்களின் கணக்கைக் காசு காசாக எழுதி 1913இல் புத்தகமாக்கினார்கள். பெண்கள் கூட்டுறவு கில்டு, உழைக்கும் தாய்மார் எழுதிய கடிதங்களை 1915இல் தொகுத்து வெளியிட்டது. பிரசவத்துக்கு முந்தைய நாள் வரை துணி துவைத்ததையும், அடுத்த சில நாளில் எழுந்து மறுபடி துவைத்ததையும், பால் வற்றியதையும் அவர்கள் தம் சொல்லிலேயே எழுதினார்கள். அவர்கள் கேட்டது ஓய்வும் பணமும். அறிவுரை ஏற்கெனவே வேண்டிய அளவு கிடைத்திருந்தது.

இனி முதல் ஆட்சேபத்துக்கு வருகிறேன். டின்பால் நிறுவனங்களின் குற்றத்தை இந்த வாதம் மழுப்பவில்லையா என்று கேட்கலாம். வில்லியம்ஸின் வாழ்க்கையிலிருந்தே இதற்கு ஒரு வலுவான சான்று எடுத்துத் தருவார்கள். ஜப்பானியர் சிங்கப்பூரைப் பிடித்தபின் அவர் சாங்கிச் சிறையில் அடைக்கப்பட்டார். அங்கே இருபது குழந்தைகள் பிறந்தன, இருபதும் தாய்ப்பால் குடித்தன, இருபதும் பிழைத்தன என்று அவர் பின்னாளில் சொன்னார். பட்டினிச் சிறையிலேயே இது நடந்ததென்றால் டின் இல்லாமலிருப்பதே பாதி வெற்றி என்று தோன்றும். அரைவயிற்றுத் தாய்க்கும் பால் சுரக்கும் என்பதற்கு அது நல்ல சான்று. பால் போதவில்லை என்ற அச்சத்தை விற்றே பணம் பார்த்த நிறுவனங்களுக்கு அது சரியான சவுக்கடியும்கூட. ஆனால் அந்தச் சிறையில் இருந்த எந்தத் தாயும் விடியுமுன் பிள்ளையை விட்டுவிட்டு ஏழு மணி நேரம் மரம் வெட்டப் போகவில்லை. சிறையின் கொடுமைகள் எத்தனையோ, தாயையும் பிள்ளையையும் பகல் முழுதும் பிரித்து வைப்பது அவற்றில் ஒன்றாக இருக்கவில்லை. டின் இல்லாத இடத்தில் பால் கொடுக்கும் நேரமும் சேர்ந்தே இருந்தது. இரண்டில் ஒன்றை மட்டும் காரணமாக்குவது சரியாகாது.

நிறுவனங்களுக்கு எதிரான போராட்டம் பெரிய சாதனை என்பதில் சந்தேகமில்லை. 1974இல் 'வார் ஆன் வான்ட்' என்ற பிரிட்டிஷ் அமைப்பு குழந்தைப் பால்மாவு விற்பனையைச் சாடி மைக் முல்லர் எழுதிய சிறுநூலை வெளியிட்டது. அதை ஜெர்மனில் இன்னும் காரமான தலைப்போடு வெளியிட்ட சுவிஸ் இளைஞர்கள் மேல் நெஸ்லே அவதூறு வழக்குப் போட்டது. 1976இல் நீதிமன்றம் அவர்களுக்குச் சிறு அபராதம் விதித்தது, கூடவே நிறுவனம் தன் விளம்பர முறைகளை மறு ஆய்வு செய்ய வேண்டும் என்றும் சொன்னது. 1977இல் அமெரிக்காவின் மினியாபொலிஸில் நெஸ்லே பொருள்களின் புறக்கணிப்பு தொடங்கியது. 1981 மே மாதம் உலகச் சுகாதாரப் பேரவை தாய்ப்பாலுக்கு மாற்றான பொருள்களை விற்பதற்கான சர்வதேச நெறிமுறையை ஏற்றபோது ஆதரவாக 118 வாக்குகள், எதிராக ஒன்றே ஒன்று. அந்த ஒன்று அமெரிக்காவினுடையது. இந்தியா 1992இல் தனிச் சட்டமே கொண்டுவந்தது. இங்கே குழந்தைப் பால்மாவுக்கு விளம்பரம் செய்வதும், இலவச டப்பா கொடுப்பதும், டப்பாவின் மேல் குழந்தைப் படம் போடுவதும் குற்றம். இந்த இயக்கத்தின் ஒரு முக்கிய மையம் பழைய மலாயாவிலேயே உருவானது. பினாங்கைச் சேர்ந்த நுகர்வோர் இயக்கத் தலைவர் அன்வர் ஃபசல் அதை முன்னின்று தொடங்கியவர்களில் ஒருவர். ஒவ்வொரு ஆகஸ்ட் முதல் வாரமும் உலகம் கொண்டாடும் தாய்ப்பால் வாரம் 1992 முதல் பினாங்கிலிருந்துதான் ஒருங்கிணைக்கப்படுகிறது. இவ்வளவு இருந்தும் நெறிமுறைக்கு ஒரு எல்லை உண்டு. அது விற்பவனின் வாயை அடைக்கும். தாயின் கையில் ஒரு மணி நேரத்தைக்கூடக் கொடுக்காது. விற்பவனை அடக்குவது அரசுக்குச் செலவில்லாத வேலை என்பதையும் நாம் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது ஆட்சேபம் பெண்ணியத்துக்கு உள்ளிருந்தே வருகிறது. தாய்ப்பாலைப் போற்றுவது பெண்ணை மறுபடி வீட்டுக்குள் தள்ளும் தந்திரம் என்பது அது. 2009இல் ஹன்னா ரோசின் ஒரு அமெரிக்க இதழில் எழுதிய கட்டுரையும், 2010இல் பிரான்சின் எலிசபெத் பதன்தேர் எழுதிய நூலும், 2011இல் ஜோன் வுல்ஃப் எழுதிய நூலும் இந்த நோக்கிலானவை. அவர்களின் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. 1956இல் சிகாகோ அருகே ஏழு கத்தோலிக்கத் தாய்மார் தொடங்கிய லா லெச்சே லீக் எத்தனையோ பெண்களுக்கு மருத்துவர்கள் தராத துணையைத் தந்தது. ஆனால் நெடுங்காலம் அது வேலைக்குப் போகும் தாயைச் சந்தேகத்தோடுதான் பார்த்தது. 2004இல் அமெரிக்க அரசின் விளம்பரம் ஒன்று, பால் கொடுக்காத தாயை நிறைமாதத்தில் ஆபத்தான விளையாட்டில் இறங்குகிறவளுக்கு ஒப்பிட்டது. பிரசவ விடுப்புக்குச் சம்பளம் தரும் தேசியச் சட்டம் இல்லாத நாடு அது. அங்கே குடிமகளைக் குற்றவுணர்வில் தள்ளும் விளம்பரத்துக்கு மட்டும் பணம் இருந்தது. தாய்ப்பாலின் நன்மைகளைப் பற்றிய சில கூற்றுகள் சான்றைத் தாண்டி ஊதப்பட்டவை என்று வுல்ஃப் சொல்வதிலும் உண்மை உண்டு. தாய்ப்பால் குடித்த பிள்ளையின் வீட்டில் வருமானமும் படிப்பும் கூடுதலாக இருந்தால், நன்மை எதிலிருந்து வந்தது என்று பிரித்தறிவது கடினம்.

அதைப் பிரித்தறிய நடந்த மிகப் பெரிய பரிசோதனை பெலாருஸில் நடந்தது. மருத்துவ ஆய்வாளர் மைக்கேல் கிரேமர் தலைமையில் 1996–97இல் 31 மருத்துவமனைகளில் 17,046 தாய்-சேய் இணைகள் அதில் சேர்க்கப்பட்டன. பாதி மருத்துவமனைகளில் தாய்மாருக்குப் பால் கொடுப்பதில் கூடுதல் ஆதரவு, மற்றவற்றில் வழக்கமான முறை. ஆதரவு பெற்ற குழுவில் மூன்றாம் மாதத்தில் 43.3 சதவீதக் குழந்தைகள் தாய்ப்பால் மட்டுமே குடித்தன. மற்றதில் 6.4 சதவீதம். முதல் ஆண்டில் வயிற்றுத் தொற்று கண்ட குழந்தைகள் முறையே 9.1 சதவீதமும் 13.2 சதவீதமும். உடல் பருமனைத் தடுக்கும் என்ற கூற்று அந்த ஆய்வில் உறுதியாகவில்லை. ஆக, நன்மை மெய்யானது, ஆனால் விளம்பரங்கள் சொன்ன அளவுக்கு இல்லை. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது ஆய்வின் களம். பெலாருஸில் அப்போது ஒரு தாய் மூன்றாண்டு வரை வேலையை இழக்காமல் விடுப்பில் இருக்கலாம். கூடுதல் ஆதரவு பலன் தந்தது அப்படி வீட்டில் இருக்க முடிந்த தாய்மாரிடம். அறிவுரை வேலை செய்யும் என்பதற்கு உலகெங்கும் மேற்கோள் காட்டப்படும் இந்த ஆய்வு, நேரம் கைவசம் இருக்கும்போது அறிவுரை வேலை செய்யும் என்பதற்கான ஆய்வும்தான். அந்தப் பின்பாதியை மேற்கோள் காட்டுகிறவர்கள் குறைவு.

நார்வே இந்த வாதத்தைக் கொஞ்சம் சிக்கலாக்குகிறது. 1960களின் இறுதியில் அங்கே மூன்றாம் மாதத்தில் தாய்ப்பால் பெற்ற குழந்தைகள் சிறுபான்மை. 1990களில் ஐந்தில் நான்கு பங்கு. பலரும் இதை நீண்ட சம்பள விடுப்பின் விளைவு என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் ஏற்றம் தொடங்கியது 1970களின் முதற்பாதியில், விடுப்பு இன்னும் குறுகியதாக இருந்த காலத்தில். 1968இல் எலிசபெத் ஹெல்சிங் தொடங்கிய தாய்மார் துணைக்குழு அதற்கு ஒரு காரணம். பெண்கள் இயக்கம் கொழுந்துவிட்ட நேரம் அது. மருத்துவமனைகள் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மணியடித்துப் பால் கொடுக்கச் சொன்ன கட்டுப்பாட்டைத் தாய்மார் உடைத்தார்கள். தங்கள் உடலின் மேல் மருத்துவரின் அதிகாரத்தைக் கேள்வி கேட்டவர்களே பால் கொடுப்பதையும் மீட்டெடுத்தார்கள். விடுப்பு அதன் பின்னே நீண்டது, மீட்டதைத் தக்க வைத்தது. நேரம் ஒன்றே எல்லாவற்றையும் செய்துவிடும் என்று நான் சொல்ல முடியாததற்கு இது காரணம். ஆனால் அங்கே அறிவு மேலிருந்து வந்து இறங்கவில்லை, ஒரு தாயிடமிருந்து இன்னொரு தாய்க்குப் போனது. அரசு அதன் பிறகு பணத்தோடு வந்தது. பதன்தேர் அஞ்சுகிற மாதிரி நார்வேப் பெண்கள் வேலையை விட்டு வீட்டுக்குள் அடங்கவும் இல்லை. உலகில் பெண்கள் அதிகம் வேலைக்குப் போகும் நாடுகளில் அதுவும் ஒன்று.

விருப்பம் என்ற சொல்லால் மட்டும் இந்தச் சிக்கலைத் தீர்க்க நினைத்தவர்களுக்கு ஆப்பிரிக்கா ஒரு பாடம் சொன்னது. எச்.ஐ.வி. உள்ள தாயின் பால் வழியே கிருமி பரவும் என்று தெரிந்ததும் பல நாடுகள் பால்மாவைப் பரிந்துரைத்தன. போட்ஸ்வானா அதை இலவசமாகவே கொடுத்தது. 2006இன் தொடக்கத்தில் கனமழைக்குப் பின் அங்கே பரவிய வயிற்றுப்போக்கில் குழந்தைகள் பலர் இறந்தார்கள். தாய்ப்பால் குடிக்காமலிருந்ததே முதன்மையான ஆபத்துக் காரணி என்று விசாரணை காட்டியது. பிறகு 2010இல் உலகச் சுகாதார நிறுவனம், மருந்து கொடுத்துக்கொண்டே தாய்ப்பால் ஊட்டுவதை ஏற்கும் வழிகாட்டுதலை வெளியிட்டது. சுத்தமான தண்ணீர்க் குழாய் இருக்கிறவளின் புட்டியும் இல்லாதவளின் புட்டியும் ஒன்றாக முடியாது. மானுடவியலாளர் பென்னி வான் எஸ்டெரிக் 1989இல் எழுதியதன் சாரமும் இதுவே. தாய்ப்பாலா புட்டியா என்ற சண்டைக்குள் நின்றால் பெண்களின் வறுமையும் வேலைப்பளுவும் கண்ணில் படாது என்றார் அவர். அதற்கு ஓராண்டு முன் நியூசிலாந்துப் பொருளியலாளர் மரிலின் வாரிங் தேசியக் கணக்குகளைத் தோண்டிப் பார்த்து, ஒரு டப்பா பால்மாவு விற்றால் நாட்டின் வருமானம் ஏறுகிறது, ஒரு தாய் கொடுக்கும் பால் அந்தக் கணக்கிலேயே வருவதில்லை என்று காட்டினார். பால் கொடுக்க முடியாதவளும் விரும்பாதவளும் எப்போதும் இருப்பார்கள். அவர்களைக் குற்றவாளியாக்காமல் விடுவதும் இந்த வாதத்துக்குள் அடங்கியதே.

மூன்றாவது ஆட்சேபம் முதலாளிகளுடையது. பழையதும்கூட. விடுப்பும் காப்பகமும் கட்டாயமானால் பெண்களை யார் வேலைக்கு எடுப்பார்கள் என்பது. இதை வெறும் மிரட்டல் என்று ஒதுக்க முடியாது. 1929இல் பம்பாய் மாகாணத்தில் பேறுகால நலன் சட்டம் வந்தபின் ஆலைகளில் பெண்களின் பங்கு படிப்படியாகச் சுருங்கியது. புது இயந்திரங்களும் பெண்களுக்கு இரவு வேலைத் தடையும் அதில் பெரிய பங்கு வகித்தாலும், பேறுகாலச் செலவுக்குச் சம்பந்தமே இல்லை என்று சொல்ல முடியாது. 1928இல் அந்த மசோதா பம்பாய்ச் சட்டமன்றத்துக்கு வந்தபோது அதை ஆதரித்துப் பேசியவர்களில் அம்பேத்கர் ஒருவர். தாய்க்கு ஓய்வு தருவது நாட்டின் நலன், ஆகவே சுமையில் பெரும்பங்கை அரசே ஏற்க வேண்டும் என்றார். அதோடு, பெண்ணை வேலைக்கு எடுப்பதால் லாபம் அடையும் முதலாளியும் ஒரு பங்கைத் தர வேண்டும் என்றும் வாதிட்டார். சரியான விடை அப்போதே சொல்லப்பட்டுவிட்டது. செலவைத் தனி முதலாளி தலையில் போடாமல் காப்பீட்டிலோ பொது நிதியிலோ பகிர வேண்டும். நாம் எதிர்த்திசையில் போனோம். 2017இல் பேறுகால விடுப்பை 26 வாரமாக உயர்த்திய சட்டத் திருத்தம், தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக் கழகத்தின் கீழ் வராத நிறுவனங்களில் முழுச் சுமையையும் முதலாளி மேலேயே வைத்தது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் காப்பகம் வேண்டும் என்றது. அமைப்புசாரா வேலைகளில் இருக்கும் பெரும்பான்மைப் பெண்களை அந்தச் சட்டம் எட்டவே இல்லை.

தமிழ்நாட்டின் புள்ளிவிவரங்களைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றில் இங்கே 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில் நடந்திருக்கின்றன. ஆனால் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே குடித்தவை 55.1 சதவீதம். நாட்டின் சராசரி 63.7. செவிலியரும் சுவரொட்டியும் அறிவுரையும் எட்டாத தாய் இங்கே ஏறத்தாழ யாருமில்லை, எண்ணோ நாட்டுச் சராசரிக்குக் கீழே. அறுவைப் பிரசவம் 45 சதவீதத்தைத் தொட்டது ஒரு காரணம். இன்னொரு காரணம் பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்களின் நேரம் என்பது என் கணிப்பு. அரசுப் பணியிலிருக்கும் பெண்ணுக்கு 2021 முதல் 12 மாதச் சம்பள விடுப்பு. ஏழைத் தாய்க்கு முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான திட்டத்தில், ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து மொத்தம் 18,000 ரூபாய், அதுவும் தவணைகளில். இரண்டையும் அறிமுகப்படுத்தியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பல மாநிலங்களில் இந்த அளவுகூட இல்லை. ஆனால் ஒருத்திக்கு ஓராண்டுச் சம்பளமும் இன்னொருத்திக்கு இரண்டு மூன்று மாதக் கூலியும் கொடுத்துவிட்டு, இருவரிடமும் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்று ஒரே குரலில் அறிவுரை சொல்வது நியாயமாகாது. 2015இல் பேருந்து நிலையங்களில் திறக்கப்பட்ட பாலூட்டும் அறைகளையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். பயணத்தில் இருப்பவளுக்கு அவை உதவும். தையல் ஆலையில் மெஷின் முன்னே உட்கார்ந்திருப்பவளுக்கு வேண்டியது அந்த மெஷினிலிருந்து எழுந்துபோகும் உரிமை.

அந்த உரிமை புதிய கற்பனை இல்லை. 1919இல் வாஷிங்டனில் கூடிய முதல் சர்வதேசத் தொழிலாளர் மாநாடு, பால் கொடுக்கும் தாய்க்கு வேலை நேரத்துக்குள்ளேயே தினம் இருமுறை அரை மணி நேர இடைவேளை தர வேண்டும் என்று மூன்றாம் உடன்படிக்கையில் எழுதியது. அதே நகரில் அதே மாதங்களில் தொழிலாளர் பெண்கள் தனியே ஒரு மாநாடு கூட்டி நெருக்கியதன் அடையாளம் அதில் இருக்கிறது. நம் 1961ஆம் ஆண்டுப் பேறுகால நலன் சட்டத்திலும் குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை இரண்டு இடைவேளைகள் தரப்பட்டன. சுரங்கங்களுக்கான விதியில் அவற்றின் நீளம் பதினைந்து நிமிடம் என்று வகுக்கப்பட்டது. காப்பகம் பக்கத்தில் இல்லாதவளுக்கு அந்தப் பதினைந்து நிமிடத்தில் பிள்ளையிடம் போய்ச் சேரவே முடியாது. 2000ஆம் ஆண்டின் 183ஆம் உடன்படிக்கை இந்த இடைவேளைகள் சம்பளத்தோடு கூடிய வேலை நேரமாகக் கணக்கிடப்பட வேண்டும் என்றும், பேறுகாலச் செலவைத் தனி முதலாளி மேல் சுமத்தாமல் காப்பீடு அல்லது பொது நிதி வழியே ஏற்க வேண்டும் என்றும் சொல்கிறது. தாய்ப்பால் வாரத்துக்கு ஆண்டு தவறாமல் செய்தி வெளியிடும் இந்திய அரசு, 1919இன் உடன்படிக்கையையும் 2000இன் உடன்படிக்கையையும் ஏற்புறுதி செய்யவே இல்லை.